மணலின் மேல் அணை கட்டிய ஆர்தர் காட்டன்

தஞ்சை ஜில்லாவின் பச்சை வயல்களைப் பார்ப்பவர்களுக்கு, இந்தப் பூமியும் ஒரு காலத்தில் தண்ணீர் இல்லாமல் தவித்தது என்றால் நம்புவது கடினம். ஆனால் அது உண்மை. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு காவிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தண்ணீரை இழந்துகொண்டிருந்தது. வாய்க்கால்கள் மணல் மேடிட்டன. கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன.

அந்த ஆபத்திலிருந்து காவிரியைக் காப்பாற்றியவர் ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர். அவர் பெயர் ஆர்தர் காட்டன். ஆழம் காண முடியாத ஆற்று மணலின் மேல் அணை கட்டிக் காட்டியவர் அவர். அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நம்முடைய கல்லணை.

16 வயதில் வேலை

ஆர்தர் காட்டன் 1803-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அவர் தந்தைக்கு 11 பிள்ளைகள். ஆர்தர் 10-வது பிள்ளை.

அந்தக் காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியில் இருந்தது. கம்பெனியின் ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தயார் செய்ய இங்கிலாந்தில் அடிஸ்கோம் என்ற இடத்தில் ஒரு பள்ளி நடந்தது. சிறுவன் ஆர்தர் அங்கே சேர்ந்து படித்தார். 16 வயதிலேயே சென்னை ராணுவத்தின் இஞ்சினீயர் படையில் அவருக்கு வேலை கிடைத்தது. 1821-ல் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார். பர்மாவில் நடந்த யுத்தத்துக்கும் போய்த் திரும்பினார்.

1828-ல் அவர் காப்டன் ஆனார். காவிரிப் பாசன வேலைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25.

இரண்டு ஆறுகளின் போட்டி

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு என்ற இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு இருக்கிறது.

கொள்ளிடம் என்றால் வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பொருள் சொல்வார்கள். அது அதிகம் வளையாமல் கடலை நோக்கி ஓடுகிறது. அதன் சரிவும் அதிகம். காவிரி அப்படியல்ல. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து, ஊர் ஊராக நின்று நிதானித்து ஓடுகிறது. வயலுக்குத் தண்ணீர் தருவது இந்தக் கிளைகள்தான்.

தண்ணீருக்குப் பள்ளம்தான் வழி. வேகமாக ஓடும் ஆறு தன் படுகையை அரித்து ஆழமாக்கும். மெதுவாக ஓடும் ஆறு மணலைக் கீழே போட்டு மேடாக்கும். ஆகவே ஆண்டுதோறும் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போயிற்று. காவிரியின் வாய் மேடாகிக்கொண்டே வந்தது. வருகிற தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் விழுந்து வீணாகக் கடலுக்குப் போயிற்று.

1799-ல் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கம்பெனி தன் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் வரி குறையும். குடியானவர்களுக்குச் சோற்றுக் கவலை. கம்பெனிக்கு வரிக் கவலை. இரண்டு கவலைகளுக்கும் காரணம் ஒன்றுதான். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு தடுப்பு வேண்டும்.

ஆனால் எதன் மேல் கட்டுவது? அங்கே பாறை கிடையாது. தோண்டத் தோண்ட மணல்தான்.

கல்லணை சொன்ன பாடம்

திருச்சிக்குக் கிழக்கே கல்லணை இருக்கிறது. கரிகால் சோழன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லப்படுவது அது. காவிரித் தண்ணீர் பக்கத்திலுள்ள கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து நிற்கிறது. நீளம் சுமார் 1,080 அடி. நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போகிறது.

இந்த அணையைக் காட்டன் கவனமாகப் பார்த்தார். அதன் உட்புறத்தில் செதுக்கிய கற்கள் இல்லை. கரடுமுரடான கற்களும் களிமண்ணும்தான் இருந்தன. மேலே மட்டும் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தது. கீழே அஸ்திவாரப் பாறையும் இல்லை. ஆற்று மணல்தான் இருந்தது. அப்படியிருந்தும் எத்தனையோ நூற்றாண்டு வெள்ளத்தை அது தாங்கி நின்றது!

பழைய காலத்து ஜனங்கள் செய்தது இதுதான் என்று காட்டன் புரிந்துகொண்டார். ஆற்றில் கல்லைப் போட்டால் அது மணலுக்குள் இறங்கும். அதன் மேல் இன்னொரு கல்லைப் போட்டால் அதுவும் இறங்கும். விடாமல் போட்டுக்கொண்டே இருந்தால் ஓர் ஆழத்தில் எல்லாம் நிலைத்து நின்றுவிடும். பிறகு அதன் மேல் கட்டலாம். மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதைத் தங்களுக்குக் கற்பித்தவர்கள் இந்தப் பழைய ஆட்களே என்று காட்டன் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி அப்படி ஒப்புக்கொள்வது அந்த நாளில் அபூர்வம்.

மணல் எப்போது நிற்கும்?

காட்டனுக்கு எதிரே இருந்த கஷ்டம் எவ்வளவு பெரியது என்று அறிய, மணலின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகள் ஆற்றங்கரையில் மணல் வீடு கட்டுகிறார்கள். காய்ந்த மணலில் வீடு நிற்காது, சரிந்துவிடும். கொஞ்சம் ஈரமான மணலில் அழகாக நிற்கும். அதே வீட்டின் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் கரைந்து ஓடிவிடும். தண்ணீரே இல்லாவிட்டாலும் நிற்காது, தண்ணீர் அதிகமானாலும் நிற்காது. இது ஏன்?

தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நடந்துகொள்கிறது. தாமரை இலையில் தண்ணீர் முத்துப்போல் உருண்டு நிற்பதும், குளத்தின் மேல் சிறு பூச்சிகள் முழுகாமல் ஓடுவதும் இதனால்தான். இதற்குப் பரப்பு இழுவிசை என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த விசை மிகவும் சிறியது. மூன்று அடிக்குச் சற்று அதிகமான ஒரு மீட்டர் நீளமுள்ள நீர் விளிம்பு இழுக்கும் வலு, ஏறக்குறைய 7 கிராம் எடைக்குத்தான் சமம்.

ஆனால் மணல் மிகமிகச் சிறியது அல்லவா? இரண்டு மணல்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு துளி ஈரம் இருந்தால், அது இரண்டையும் இணைத்து ஒரு குட்டிப் பாலம்போல நிற்கும். அந்தப் பாலத்தின் இடுப்பு உள்நோக்கி வளைந்திருக்கும். அதன் தோல் இரண்டு மணல்களையும் இழுக்கும். பாலத்துக்குள் அழுத்தம் குறைந்திருப்பதால் அதுவும் உறிஞ்சி இழுக்கும். அரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மணலை, அதன் எடையைப்போலப் பல மடங்கு வலுவுடன் இந்த நீர்ப்பாலம் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி மணலில் இப்படிக் கணக்கற்ற பாலங்கள் இருக்கின்றன. அதனால்தான் ஈர மணல் சுவர்போல் நிற்கிறது. கோலமாவு ஈரம் பட்டால் விரலிலிருந்து உதிராமல் கட்டி கட்டியாக விழுவதும் இதே காரணத்தால்தான்.

மணல் முழுவதும் தண்ணீரில் முழுகிவிட்டால் என்ன ஆகும்? இடையில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் நீருக்கு மேற்பரப்பும் இல்லை, வளைவும் இல்லை, பாலமும் இல்லை. ஆற்றில் குளிக்கும் பெண்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது கூந்தல் தனித்தனி இழையாக விரிந்து மிதக்கும். தலையை வெளியே எடுத்தவுடன் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் ஒட்டாதது வெளியே வந்ததும் ஒட்டுகிறது. மணலுக்கும் அதே கதிதான்.

கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டுகிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். மேலே ஈர மணல் செங்குத்தாக நிற்கிறது. தண்ணீர் கண்ட இடத்தில் பக்கமெல்லாம் சரிந்து குழியைத் தூர்க்கிறது.

மேலணை எழுந்தது

ஆற்றின் குறுக்கே அணை கட்டுகிறவர் முழுகிய மணலோடு போராட வேண்டும். அணையின் மேல் வழிந்து விழும் தண்ணீர், அதன் காலடியில் உள்ள மணலை அரிக்கும். அணைக்கு அடியிலும் தண்ணீர் ஊறிச் சென்று மணலைக் கொண்டுபோகும். பிடித்துவைக்க நீர்ப்பாலங்கள் இல்லாத மணல், தண்ணீர் அழைத்தவுடன் கூடவே போய்விடும். பிறகு அணை அந்தரத்தில் நிற்கும், இரண்டாகப் பிளக்கும்.

இதற்குக் கைகண்ட மருந்து நம் நாட்டிலேயே இருந்தது. அது உறைகிணறு. செங்கல்லால் வட்டமான சுவர் கட்டி, அதன் உள்ளே இருக்கும் மணலை வாரி வாரி வெளியே போடுவார்கள். அடியிலுள்ள மணல் நிற்க முடியாமல் சரியும். சுவர் தன் எடையால் தானே கீழே இறங்கும். கரையில் நிற்பவனுக்குத் தொல்லையாக இருக்கும் அதே சரிவு, கிணறு இறக்குகிறவனுக்கு உதவியாகிவிடுகிறது!

காட்டன் இப்படிப்பட்ட கிணறுகளை வரிசையாக மணலுக்குள் இறக்கி, அவற்றை நிரப்பி, அந்த வரிசையின் மேல் அணைச் சுவரை எழுப்பினார். தண்ணீர் விழும் பக்கத்தில் கல் பாவிய தளம் அமைத்து, அதற்கு அப்பாலும் கற்களைக் கொட்டினார். கல்லணை கற்பித்த பாடம் அது. அரிப்பு ஏற்பட்டால் அந்தக் கற்கள் பள்ளத்தில் இறங்கித் தாமே அடைத்துக்கொள்ளும்.

வேலைக்குக் காலம் குறைவு. தென்மேற்குப் பருவமழை பெய்து ஆற்றில் வெள்ளம் வருவதற்குள், கோடை மாதங்களிலேயே ஆற்றுக்குள் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும். யந்திரங்கள் இல்லாத காலம். மண்வெட்டியும் கூடையும் மனிதர் தோளும்தான் கருவிகள். மணலை வாரியவர்களும் கல்லைச் சுமந்தவர்களும் சுற்றுப்புறத்து ஏழை ஜனங்கள். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

1836-ல் வேலை முடிந்தது. முக்கொம்பில் சுமார் 750 கஜ நீளமுள்ள மேலணை எழுந்தது. அதே சமயத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்ற இடத்தில் கீழணையும் கட்டப்பட்டது. மேலணை காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பியது. கீழணை, கொள்ளிடத்தில் போன தண்ணீரைத் தென்னாற்காட்டு வயல்களுக்கும் வீராணம் ஏரிக்கும் அனுப்பியது.

சாதாரண நாட்களில் தண்ணீர் காவிரியில் போகும். பெருவெள்ளம் வந்தால் அதிகப்படித் தண்ணீர் அணையின் மேலேறிக் கொள்ளிடத்தில் விழுந்துவிடும். தஞ்சை வயல்களுக்கு உயிர் வந்தது. சாகுபடி பெருகியது. கம்பெனியின் வரியும் பெருகியது.

ஆனால் ஆறு உடனே அடங்கிவிடவில்லை. இப்போது காவிரிக்குள் தண்ணீர் அதிகமாகப் பாய்ந்து, அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் மேலணையில் மாறுதல்கள் செய்து, காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. மணல் ஆற்றில் ஒரு பக்கம் கை வைத்தால் மறு பக்கம் பதில் சொல்லும். இஞ்சினீயர்கள் அதையும் அங்கேதான் படித்தார்கள்.

கோதாவரிக் கரையில்

ஓயாத உழைப்பும் காய்ச்சலும் காட்டனின் உடலைக் கெடுத்தன. ஓய்வுக்காக அவர் ஆஸ்திரேலியாவுக்கும் அதன் அருகிலுள்ள டாஸ்மேனியாவுக்கும் சென்றார். 1841-ல் எலிசபெத் லியர்மாந்த் என்ற பெண்ணை மணந்தார்.

இந்தியா திரும்பியதும் அவர் பார்வை கோதாவரியின் மேல் விழுந்தது. அங்கே 1833-ம் ஆண்டை ஒட்டிக் கொடிய பஞ்சம் வந்து ஏராளமான ஜனங்கள் மாண்டிருந்தார்கள். ஊர் ஓரமாக ஒரு மகாநதி ஓடிக்கொண்டிருக்க, கரையில் இருப்பவர்கள் பட்டினியால் சாவதா? காட்டனுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. தஞ்சை அனுபவத்தைச் சாட்சியாகக் காட்டி மேலிடத்துக்கு எழுதினார்.

1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை ஆரம்பமானது. வீணம் வீரண்ணா என்ற இந்திய அதிகாரி அவருக்கு வலக்கையாக இருந்தார். காவிரியைவிட மிகப் பெரிய ஆறு அது. ஆனால் மணல் அதே மணல்தான். பக்கத்திலிருந்த மலையை உடைத்துக் கற்களைக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டினார்கள். கிணறுகளை இறக்கினார்கள். காவிரிக் கரையில் கற்ற பாடம் கோதாவரிக்கு உதவியது. 1852-ல் அணை முடிந்தது. பஞ்சத்தில் வாடிய நாடு நெற்களஞ்சியமாயிற்று. ஆந்திர ஜனங்கள் இன்றும் அவரைத் தெய்வத்துக்குச் சமமாக மதித்துச் சிலைகள் வைத்து மாலையிடுகிறார்கள்.

எதிர்நீச்சல்

1860-ல் காட்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1861-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை.

சர்க்கார் ரயில் பாதைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தது. காட்டனோ முதலில் கால்வாய்களை வெட்டுங்கள் என்று வாதாடினார். கால்வாயில் பயிருக்குத் தண்ணீரும் போகும், படகில் சரக்கும் போகும் என்பது அவர் கட்சி. பலர் அவரைப் பரிகசித்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அதன் பிறகு பார்லிமெண்டு கமிட்டி ஒன்று அவரை அழைத்து விசாரித்தது. அவருடைய பெரிய கால்வாய்த் திட்டங்களை ஏற்க அவர்கள் தயாராக இல்லை. அவரும் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

முதுமையில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் வசித்தார். 80 வயதுக்குமேல் அவருக்குப் புதிய ஆசை பிறந்தது. தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறி, பொலபொலப்பாக்கிக் கோதுமை பயிரிட்டுப் பார்த்தார். மண்ணின் அடி ஆழம் வரை காற்றும் ஈரமும் போனால் விளைச்சல் பெருகும் என்று காட்ட முயன்றார். ஆயுள் முழுவதும் மண்ணையும் தண்ணீரையும் பற்றியே நினைத்த அந்த மனிதர், 1899-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி, தமது 96-வது வயதில் காலமானார்.

கணக்குப் பின்னால் வந்தது

பரப்பு இழுவிசையின் அடிப்படை விதிகளை இங்கிலாந்தில் தாமஸ் யங் 1805-லும், பிரான்சில் லாப்லாஸ் 1806-லும் வெளியிட்டார்கள். அப்போது காட்டன் சிறு குழந்தை. ஆனால் மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர்ப்பாலம் எவ்வளவு வலுவுடன் இழுக்கும் என்ற கணக்கு, அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வந்தது. 1925-ல் இங்கிலாந்தில் ஹெயின்ஸ் என்ற மண் விஞ்ஞானி அதைக் கணக்கிட்டு எழுதினார். அதில் இருந்த பிழையை மறு ஆண்டே பிஷர் என்ற கணித மேதை திருத்தினார். காட்டனிடம் இந்தக் கணக்கு இல்லை. கல்லணையைக் கட்டியவர்களிடமும் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

தஞ்சைக் குடியானவருக்கும் இது புதிதல்ல. வரப்புக்கு அணைத்த சேறு, காயக் காய இறுகுகிறது. களிமண்ணின் நுண்ணிய துகள்களுக்கு நடுவே ஈரம் சுருங்கச் சுருங்க, அது துகள்களை நெருக்கி இழுப்பதால்தான் அந்த இறுக்கம். தண்ணீர் வராமலே போனால் அதே இழுப்பு வயலைப் பாளம் பாளமாக வெடிக்கச் செய்துவிடும். வரப்பைக் காக்கும் விசையே வயலையும் பிளக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது காவிரித் தண்ணீர்.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. காவிரிப் பாசனம் இன்னும் பலப்பட்டது. ஆனாலும் மணல் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி கொள்ளிடத்தில் பெருவெள்ளம் ஓடியபோது, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு உடைப்பை அடைத்தார்கள். பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. ஆற்று மணலில் கட்டியதை ஆண்டுதோறும் பார்த்துப் பராமரிக்க வேண்டும் என்பது காட்டன் காலத்திலும் உண்மை, இன்றும் உண்மை.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அது முக்கொம்பு வந்து, கல்லணை வந்து, கிளை கிளையாகப் பிரிந்து கடைமடைக்குப் போகிறது. பழைய சோழ நாட்டு ஜனங்கள் மணலில் போட்ட கல்லும், அவர்களிடம் பாடம் கேட்ட ஆர்தர் காட்டனின் உழைப்பும் அந்தத் தண்ணீருக்கு வழிகாட்டியிருக்கின்றன.